கூடத்துமேட்டில் ஆளில்லை

கூடத்துமேட்டுக்காரர்களுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. கண்மாய்க் கரையில் திரும்புகிற வண்டி கம்பெனி வேனா, லோடு லாரியா, அரசாங்க ஜீப்பா என்பதை, புழுதி கிளம்புவதற்கு முன்பே ஓசையைக் கொண்டு சொல்லிவிடுவார்கள். அஞ்சுவது அவர்களுடைய பிறவிக்குணமன்று. பிழைப்பு அவர்களுக்குப் புகட்டிய பாடம். உரிமம் வைத்திருப்பவர் மதில் சுவருக்குள் செய்தால் அது தொழில். அவருக்காகவே, அவர் கொடுத்தனுப்பிய மருந்தைக் கொண்டே, உரிமமில்லாதவள் தன் வீட்டு வாசலில் செய்தால் அது குற்றம். இலாபம் மதிலுக்கு உள்ளே போகும். வழக்கு மதிலுக்கு வெளியே நிற்கும்.

அந்தக் குற்றத்தின் பெயர் கருந்திரி. பருத்தி நூலைக் கருமருந்துக் கூழில் தோய்த்து, கழிக்குக் கழி இழுத்துக் கட்டி, வெயிலில் உலர்த்தி எடுக்கிற திரி. பட்டாசுக்கு உயிர் கொடுப்பது அதுதான். உயிரை வாங்குவதும் பல வேளைகளில் அதுதான்.

நாரணாபுரத்துக்குக் கிழக்கே, கரிசலுக்கு நடுவே, சரளைக்கல் துருத்திக்கொண்டு நிற்கும் மேடு அது. ஒரு காலத்தில் அரசாங்கம் தீப்பெட்டித் தொழில் பழக்குவதற்கென்று அங்கே ஒரு கூடம் கட்டியது. பழக ஆள் சேருவதற்குள் பணம் நின்றது. பணம் நின்றதும் கூடம் மூடியது. காவலுக்கு வைத்த இருளாண்டி மட்டும் போகவில்லை. சம்பளம் நின்ற பிறகும் அவர் கூடத்தைக் காத்தார். ஊருக்குள் மனையடி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது. பண்ணை வேலை பார்த்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக அவரைத் தேடி வந்து கூடத்தைச் சுற்றிக் குடிசை போட்டன. குடிசை ஓட்டு வீடாயிற்று, மேடு ஊராயிற்று. பட்டா மட்டும் ஆகவில்லை. இருளாண்டி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அவருடைய மருமகள் சின்னத்தாய் வாழ வந்ததும், பிள்ளை பெற்றதும், மாமனாரைத் தூக்கிக் கொடுத்ததும் அந்த மேட்டில்தான்.

சுனாமி வந்துபோன மறு ஆண்டு, ஆவணி மாதத்து முற்பகல். தீபாவளிச் சீசன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. கூடத்து வாசலில் வரிசையாக நட்ட கழிகளுக்கிடையே கறுத்த இழைகள் விறைத்துக் கிடந்தன. தெற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்ததால் சின்னத்தாய்க்கு வானத்தின் மேல் ஒரு கண், திரியின் மேல் ஒரு கண். ஒரு சாரல் விழுந்தால் இரண்டு நாள் உழைப்பு கூழாகிவிடும்.

அப்போதுதான் மேட்டின் மேற்குக் கோடியிலிருந்து பாண்டிச்செல்வியின் குரல் கேட்டது. "பா... பா... பா..."

அவள் வீட்டில் கோழி கிடையாது. கூடத்துமேட்டில் கோழியைக் கூப்பிட்டால் ஜீப் வருகிறது என்று பொருள்.

எண்ணெய் போட்ட இயந்திரம் போல அந்த ஊர் இயங்கியது. இழைகளை அறுக்காமல் கழியோடு பிடுங்கிச் சுருட்டினார்கள். கூழ்ச்சட்டிக்கு மேல் சாக்கு போர்த்திக் குழிக்குள் இறக்கினார்கள். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்கள். காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து உருவினார்கள். கதவுகளில் பூட்டு விழுந்தது. கைக்குழந்தையின் வாயில் கருப்பட்டித் துண்டைத் திணித்துத் தூக்கிக்கொண்டு, நடக்க மாட்டாத கிழவனை முதுகில் சுமந்துகொண்டு, எல்லோரும் சீமைக்கருவேலங் காட்டுக்குள் புகுந்தார்கள். ஜீப் மேடேறி நின்றபோது அங்கே ஈ காக்கை இல்லை.

முள்ளுக்குள் குந்தியிருந்த சின்னத்தாய் தலைச்சுமையை இறக்காமலே இலைச் சந்து வழியாகப் பார்த்தாள். காக்கிச்சட்டை யாரும் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர், அளக்கிற சங்கிலியோடு இரண்டு ஆட்கள், கூடவே நாரணாபுரத்துத் தலையாரி பலவேசம்.

"என்ன மதினி, போலீசக் காணோம்?" என்று பாண்டிச்செல்வி காதருகில் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரி. மப்டில வந்திருப்பாக."

"சங்கிலி எதுக்கு?"

"உன்னையக் கட்டி இளுத்துட்டுப் போகத்தான். வாய மூடுடி."

அதிகாரி வீடு வீடாகப் போய்ப் பூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். வாசலில் இருந்த ஓர் அடுப்பில் கைவைத்தார். "வீட்ல யாருங்க? யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று திசையிலும் திரும்பிக் கூப்பிட்டார். மூச்சுவிடக் கூட ஆள் இல்லை. பலவேசம் கருவேலங்காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும், பலமுறை காப்பாற்றியவரே அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, காட்டுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னார். "ஒருத்தரும் இல்லீங்கய்யா. எல்லாம் கெளம்பித் திருத்தங்கல் பக்கம் போயிட்டாக. சும்மா பூட்டித்தான் கெடக்கு."

அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டார். சங்கிலி கூடத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. ஜீப் போயிற்று.

வெளியே வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "அடுப்பத் தொட்டுப் பாக்காகல்ல, சூட்டுல கொப்புளம் வந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. "நான் ஊத்துன தண்ணிக்கு எம்பத்து வருசமா எரியாத அடுப்பு மாதிரி இருந்துச்சுடி" என்றாள் சின்னத்தாய். அன்று அவள் கருவாட்டுக் குழம்பில் ஒரு கத்தரிக்காய் கூடுதலாகப் போட்டாள். திரியும் தப்பித்தது, ஆளும் தப்பித்தது, வேறென்ன வேண்டும்?

வெயில் சாயும் நேரத்தில் பலவேசம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கமாக இப்படித் தப்பவைத்த நாளில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, ஒரு தம்ளர் காப்பி வாங்கிக் குடிப்பார். இன்று சைக்கிளை நிறுத்தவும் மறந்து, அதைப் பிடித்தபடியே நின்றார்.

"மதினி, தப்புப் பண்ணிட்டோம்."

"என்ன கொளுந்தனாரே?"

"அவுக வந்தது திரிக்கு இல்ல. எடத்துக்கு. போற வழியில சொல்லித்தான் எனக்கே வெளங்குச்சு."

சின்னத்தாய்க்கு விளங்கவில்லை. அவளுடைய கணவன் சங்கிலிமுத்து அப்போதுதான் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். முகத்தைத் துடைக்காமல் பக்கத்தில் வந்தான். "எந்த எடத்துக்குலே?"

"இந்த மேட்டுக்குத்தான். புதுசா ஒரு சட்டம் போட்டிருக்காகளாம். கவருமெண்டு கட்டிப் போட்டு, ஒருத்தரும் பொளங்காமக் கெடக்குற எடமெல்லாம் உபரியாம். உபரின்னா மிச்சம். மிச்சத்த யாருக்கு வேணும்னாலும் மாத்திக் குடுக்கலாமாம். காலண்டர் கம்பெனி ஒண்ணு குடோன் கட்டக் கேட்டிருக்கு. ஆள் இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் அய்யா வந்தாக. நீங்க ஓடி ஒளிஞ்சீக. நானும் ஆளில்லைன்னு வாயால சொன்னேன். அவுக அத எளுதிக் கையெளுத்தும் வாங்கிட்டாக."

தெற்கே இடி உருண்டது. மறுபடி காயப்போட்டிருந்த திரியை எடுக்க ஒருவரும் ஓடவில்லை.

அவர்கள் மகள் ஓவியா திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் தைக்கிறவள். அந்திப் பேருந்தில் வந்திறங்கியவளிடம் செய்தியைச் சொன்னதும் அவள் கைப்பையைத் துழாவி ஒரு துண்டறிக்கையை எடுத்தாள். தொழிற்சங்கம் ஒன்று அந்தச் சட்டத்தைக் கண்டித்து அவர்கள் அச்சகத்தில் அடித்தது. பத்துப் பிரதி மிச்சமானதில் ஒன்றை, தன் ஊருக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று நினைக்காமலே, மடித்து வைத்திருந்தாள்.

"இதுல இருக்கும்மா. அந்த எடத்துல குடியிருந்து, அங்கனயே தொளில் பண்ணிப் பொளைக்கிறவுக இருந்தா அது உபரி ஆகாதாம். நம்ம ஜில்லாவுக்கு ஆட்சேபனை சொல்ல வெள்ளிக்கிளமை விருதுநகர்ல விசாரணை. அதுக்குப் பெறகு யாரு சொன்னாலும் ஏறாது."

"அப்ப போய், நாங்க இருக்கோம்யான்னு சொல்லிருவோம்" என்றான் சங்கிலிமுத்து. "நம்ம மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா இருக்கோம்னு?"

"அய்யா, தலையாரி ஆளில்லைன்னு சொல்லியிருக்காரு. அவுகளே அடுப்பத் தொட்டுப் பாத்திருக்காக. எல்லாரும் இருந்தீகன்னா ஏன் ஒருத்தரும் வெளிய வரலைன்னு கேப்பாகல்ல? என்ன தொளில் பண்றீகன்னு கேப்பாகல்ல?" என்று தகப்பனைக் கேட்டாள் ஓவியா.

அந்தக் கேள்வி வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. விடை எல்லோருக்கும் தெரியும். திரி என்று சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் தெரு. ஒளிந்து ஒளிந்தே வாழக் கற்றவர்களைப் பார்த்து, நீ வாழ்ந்ததற்குச் சாட்சி எங்கே என்று நாடு கேட்கிறது. வெளிச்சத்தில் வந்தால் விலங்கு, இருட்டில் நின்றால் ஆளே இல்லை என்ற எழுத்து. இதற்கு நடுவே மனிதன் நிற்பதற்கு எந்தச் சட்டத்தில் எத்தனை அடி இடம் விட்டிருக்கிறார்கள்?

மறுநாள் காலையிலேயே லட்சுமிகாந்தம் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். மருந்தும் நூலும் கொடுத்துத் திரியை வாங்கிப் போகிற ஏஜெண்ட் அவர்தான். குரலில் சர்க்கரை சற்று அதிகமாகவே இருந்தது.

"சின்னத்தாயி, கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஸ்டமா இருக்கு."

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காரல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எடம் போனா வேற எடம் பாக்கலாம். வெம்பக்கோட்டப் பக்கம் நம்ம ஆளு தோட்டம் இருக்கு, அங்கன செட்டுப் போட்டுத் தாரேன். விசாரணைல போயி வாயக் குடுத்து மாட்டிக்கிறாதீக. உங்க ஊரே உள்ள போகும், ஆமா. எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தோட்டத்துல எங்க பேருக்கு வீடு குடுப்பீகளா அண்ணாச்சி?"

லட்சுமிகாந்தம் சிரித்தார். "திரி போடுற எடத்துல வீடு எதுக்குத்தா?"

அவர் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் சரளையை அள்ளிக் கொட்டுவதுபோல் கொட்டியது. வேலையில்லாத கைகளோடு பெண்கள் சின்னத்தாய் வீட்டில் கூடினார்கள். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கூலி வேலைக்குப் போயிருந்தோம் என்று சொல்லலாம் என்றாள் ஒருத்தி. கிழவனும் கைப்பிள்ளையுமா போனது என்று அடுத்தவள் மடக்கினாள். கோவில் கொடை என்று சொல்லலாம் என்றாள் பாண்டிச்செல்வி. "ஆவணில எந்தச் சாமிக்குடி கொட? உனக்கா?" என்று கேட்டதும் இரண்டு பேர் சிரித்தார்கள், சிரிப்பு பாதியிலேயே அணைந்துவிட்டது. பலவேசம் நனைந்துகொண்டே வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி, "நீங்க என்ன சொன்னாலும் சரி, என் வேலைய மட்டும் பாத்துக்கோங்க. மூணு பொட்டப்பிள்ளைக இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அடுப்பில் கம்மஞ்சோறு குழைந்து அடிப்பிடித்தது. சின்னத்தாய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கவனிக்காமல் நின்றாள்.

"நான் சொல்லிர்றேன்" என்றான் சங்கிலிமுத்து திடீரென்று. "திரி நான்தான் போடுறேன்னு. உள்ள போனாலும் நான் போறேன்."

"உங்க கையப் பாத்தா நம்புவாகளா? லோடு ஏத்துற கை." அவள் தன் கையை நீட்டினாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் கருமருந்து ஊறிப்போய், சோப்புக்கும் சாம்பலுக்கும் அசையாத கறுப்பு. "இது யாரு கைன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? ஓவியாவுக்குக் கல்யாணம் பேசணும்."

"வீடில்லாத பிள்ளைய யாரு வந்து பேசுவா? எங்கன வந்து பேசுவா?"

அவன் அடிப்பிடித்த சோற்றைத் தட்டில் போட்டு, கருவாட்டைத் தொட்டு, தலைகுனிந்து தின்றான். நல்லா இருக்கு என்று சொல்லவும் செய்தான்.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் போனார்கள். சின்னத்தாய், சங்கிலிமுத்து, ஓவியா, கூடவே பாண்டிச்செல்வி. மற்றவர்கள் வரவில்லை. வர மனமில்லை என்பதல்ல. அரசாங்கக் கட்டடத்துக்குள் தாமாக நுழைவது அந்த ஊரின் கால்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பேருந்து சன்னலோரம் மழை கழுவிய கரிசல் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகர் வருவதற்குள் ஓவியா கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் சின்னத்தாய் குடித்துத் தீர்த்தாள்.

அன்று மேட்டுக்கு வந்த அதிகாரியே விசாரணைக்கு உட்கார்ந்திருந்தார். ஜெயச்சந்திரன் என்று மேசையில் பெயர்ப்பலகை. கடுமையானவராகத் தெரியவில்லை, அதுவே அவளுக்குப் பயத்தைக் கூட்டியது. ஏசுகிறவனிடம் எதிர்த்துப் பேசப் பழகியிருக்கிறாள். அமைதியாகக் கேட்கிறவனிடம் என்ன பேசுவது?

"நீங்க அங்கேதான் குடியிருக்கீங்களா?"

"ஆமாய்யா. முப்பது வருசம் இருக்கும்."

"ரேஷன் கார்டு நாரணாபுரம் கிழக்குத் தெருன்னு இருக்கே?"

"எங்க சின்னமாமனார் வீட்டு முகவரிய்யா அது. ஆளு தேடி வந்தா மேட்டுக்கு வந்துறக்கூடாதுன்னு அங்கன குடுத்தோம்."

"யார் தேடி வரக்கூடாதுன்னு?"

அவள் கறுத்த விரல்களை மடக்கிக்கொண்டாள். அவர் தாளைத் திருப்பினார். "அன்னைக்கு நானே வந்தேன். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கூப்பிட்டேன். ஒரு ஆள் இல்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. தலையாரியும் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கார். நான் கண்ணால பார்த்ததை மாத்தி எழுதணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும்மா. நீங்க இருந்தீங்கன்னா, ஏன் வெளியே வரலை?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சங்கிலிமுத்து எழுந்திருக்க முயன்றான். சின்னத்தாய் அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"இருந்தோம்யா. எல்லாரும் இருந்தோம். நீங்க கூப்புட்ட மூணு தடவையும் கேட்டுச்சு. கருவேலங்காட்டுக்குள்ள முள்ளுல குந்திக்கிட்டு உங்களப் பாத்துக்கிட்டிருந்தோம். உங்க ஆளு ஒருத்தர் கூடத்துக்குப் பின்னால போயி பீடி குடிச்சாரு. நீங்க எங்க வீட்டுப் படியில தடுக்கி, கதவப் புடிச்சீக. அடுப்புல தண்ணி ஊத்துனது நான்."

ஜெயச்சந்திரன் எழுதுகோலைக் கீழே வைத்தார். "எதுக்கு ஒளிஞ்சீங்க?"

"கருந்திரி காயப் போட்டிருந்தேன்யா. கூடத்து வாசல்ல. லைசன்சு கெடையாது. ஜீப்பு வந்தா ஓடணும், அம்புட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். எந்த ஜீப்பு எதுக்கு வருதுன்னு தெரியல."

"தலையாரிக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதுய்யா. பூட்டப் பாத்துட்டுச் சொல்லியிருப்பாரு."

"வேற யார் யார் போடறாங்க? யார் மருந்து கொடுக்கறா?"

"நான் போடுறதத்தான் நான் சொல்ல முடியும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, இதை நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுதா? காவல்துறைக்கு அனுப்பியே ஆகணும். எழுதாம விட்டா நான் பார்த்ததுதான் நிக்கும். கூடத்துமேட்டில் ஆளில்லை. இப்பவும் நீங்க வெளியே போயிடலாம். நான் எதுவும் கேட்கலைன்னு வச்சுக்கறேன்."

அது இரக்கம்தான். எளியவனுக்கு இந்த நாடு காட்டுகிற இரக்கத்தின் அளவு எப்போதும் அவ்வளவுதான்: நீ இல்லாமல் போய்விட ஒப்புக்கொண்டால் உன்னைத் தண்டிக்க மாட்டோம்.

ஓவியா விம்மினாள். சின்னத்தாய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எளுதுங்கய்யா. திரி போட்டேன்னும் எளுதுங்க. அங்கன இருந்து போட்டேன்னும் எளுதுங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எளுதுனா ரெண்டுமே பொய்யாப் போயிரும்."

அவர் எழுதத் தொடங்கினார். நீண்ட நேரம் எழுதினார். வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார். இந்த இடத்தை உபரி என்று இன்று தன்னால் கையெழுத்திட முடியாது, குடியிருப்போர் உள்ளனர் என்று குறித்து மறு விசாரணைக்கு அனுப்புவதாகச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், தொலைபேசியை எடுத்தார்.

வெளி வராந்தாவில் அவர்களை உட்காரச் சொன்னார்கள். சங்கிலிமுத்து எங்கோ போய் எண்ணெய்ப் பரோட்டா பொட்டலத்தோடு வந்தான். பிய்த்துப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தான், தான் தின்னவில்லை.

"நாளைக்கு யாரு வீட்டப் பாத்துக்கிருவா?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"நான் இருக்கேன் மதினி" என்றாள் பாண்டிச்செல்வி. அவள் உள்ளே வாயே திறக்கவில்லை. இப்போது தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அளுகாத. கதவ மட்டும் பூட்டாதீக. மறுபடி ஆளு வருவாக, தெறந்தே கெடக்கட்டும்."

உச்சி சாய்ந்தபோது இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒருத்தி இளம்பெண், ஓவியாவின் வயதுதான் இருக்கும். மடியில் தாளை வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு?"

"சின்னத்தாய்."

"புருசன் பேரு?"

"அந்தா நிக்காகல்ல, அவுக. சங்கிலிமுத்து."

"எந்த ஊரு?"

"கூடத்துமேடு."

பெண் காவலர் நிமிர்ந்தாள். "கூடத்துமேடா? அப்படி ஒரு ஊரு எங்க லிஸ்டுல இல்லையே. நாரணாபுரம்னு போட்டுக்கிரவா?"

"கூடத்துமேடுன்னே போடுத்தா" என்றாள் சின்னத்தாய். "புடிச்சுட்டுப் போக ஆளு இருக்கும்போது ஊரு இல்லாமலா போயிரும்?"

அந்தப் பெண் குனிந்து அந்தப் பெயரை எழுதினாள்.